சீனுவுக்குக் காது கேட்காது

பிரியா,
பாப்பாவை இரண்டாவது ஊசிக்கு ராசிபுரம் கூட்டிப் போகிறேன். இட்லி மூடி வைத்திருக்கிறேன். நாய்க் காப்பகத்து வண்டி பத்து மணிக்கு வந்துவிடும். அதற்குள் இதைப் படி.

காலையில் நீ சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனதும் கரண்ட் போய்த் தறி நின்றது. தூங்கிய சீனுவின் பின்னால் தட்டைத் தட்டினேன், காதே அசையவில்லை. தரையை ஓங்கி மிதித்ததும் எழுந்தது. காப்பகத்தில் போனில் தறிச் சத்தம் போட்டு, மிரளாத நாய் என்று இதைத்தானே எடுத்தோம்? அதற்குக் கேட்கவே இல்லை. தறி ஓடினால் தரையெல்லாம் அதிரும். அந்த அதிர்வில் ஆள் நடந்து வருவதும் அதற்குத் தெரியாது. பாப்பா பின்னாலிருந்து கட்டிப்பிடித்ததும் பயத்தில் கடித்திருக்கிறது.

“புள்ளையக் கடிச்சத இன்னும் ஊட்டுல வெச்சுக்கோணுமாங்க?” என்றாய். நியாயம்தான். ஆனால் கடித்த நாயை அங்கிருந்து இனி யாரும் எடுக்க மாட்டார்கள். முன்னால் நின்று கை காட்டினால் வருகிறது. பாப்பாவுக்கும் பழக்கலாம். முடிவை நீயே எடு.

அனுப்பினால், காது கேட்காது என்று அவர்களிடம் கட்டாயம் சொல்.

இன்னொன்று: அனுப்பிவிட்டால் எனக்குப் போன் பண்ணாதே. பாப்பா பக்கத்திலேயே இருப்பாள்; என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.