நிறுத்தக் கூடாத இருபது நிமிடம்

என் அம்மா, எந்தப் பழுதையும் சத்தத்திலேயே பிடித்துவிடுகிற என் அம்மா,

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறோம். டிலானிதான் எல்லாம் பார்க்கிறாள். முன் அட்டையில் உங்கள் படம். பின் அட்டையில் நன்றி. நடுவில் மூத்த மகளுக்கு ஒரு பக்கம். "அக்கா, நீ படிச்சனி, வடிவா எழுது" என்றாள்.

வடிவாக வரவில்லை.

இங்குள்ள செய்திகள். சியாகுல்லி மந்தரீன் தோடம்பழம் கபோ சந்தைக்கு வந்துவிட்டது. நாங்கள் இன்னும் வாங்கவில்லை. உங்கள் கைபேசிக்கு ஒரு தகவல் வந்தது. வதிவிட பெர்மெஸ்ஸோ புதுப்பித்தாயிற்று, குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்கு வந்து எடுக்கலாம். இன்னும் இரண்டு வருடம் நீங்கள் இந்த நாட்டில் இருக்கலாம், அம்மா.

கார் ஸ்டார்ட் ஆகிறது. டக் டக் இல்லை.

மலரைக் கையில் எடுப்பவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். கால்சாப் பகுதியில் ஒன்பது வருடம் நீங்கள் வீட்டோடு பராமரித்த கிழவர் இளமையில் அமெரிக்காவில் உழைத்தவர். திரும்பும்போது கப்பலில் ஏற்றிவந்த கார் அது. எட்டு சிலிண்டர். கட்டில் அளவில் பொனட். அவர் நடக்க முடியாமல் போன பிறகும் ஞாயிறுதோறும் தூக்கிவந்து அதில் இருத்துவீர்கள். சாவியைத் திருப்புவீர்கள். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அவர் போனதும் அவருடைய மகள் உங்களிடம் கேட்டார்: எடுக்கிறாயா, அல்லது பழைய இரும்புக்குப் போகட்டுமா? லைசென்ஸ் இல்லாத நீங்கள் ஓம் என்றீர்கள். நான் சண்டை பிடித்தேன்.

"பழைய சோபா தந்தவை, பழைய கோட்டுத் தந்தவை, எல்லாத்துக்கும் கிராட்சியே, நன்றி எண்டு சொன்னனான். இது நான் ஆசைப்பட்டது. நீ வாயை மூடு."

பிறகு டக் டக் கேட்கத் தொடங்கியது. எஞ்சினுக்குள் ஒரு நீளத் தண்டு, கேம்ஷாஃப்ட். அதில் முட்டை வடிவ மேடுகள். ஒவ்வொரு மேடும் சுற்றிவரும்போது ஒரு வால்வைத் தூக்கும். "ஒண்டு வடிவாத் தூக்குதில்லை" என்றீர்கள். ஆறு வாரம் கழித்து எஞ்சினைப் பிரித்தபோது பார்த்தேன். ஒரு மேடு தேய்ந்து மழுங்கியிருந்தது.

நான் ஆங்கிலக் கையேட்டை வாசித்துச் சொல்வேன். நீங்கள் கழற்றுவீர்கள். பக்கத்துக் கடைத் தச்சர் பெப்பே கராஜ் கதவடியில் நின்று நையாண்டி பண்ணுவார்.

"சிஞ்ஞோரா, இது பெற்றோல் குடிக்கிறதைப் பாத்தா என்ர மச்சான் நல்ல மனுசன்."

"உன்ர மச்சானைத் திருத்த ஏலாது, பெப்பே. இதைத் திருத்தலாம்."

தண்டை நேராக உருவ வேண்டும். கொஞ்சம் சரிந்தாலும் உள்ளே உள்ள மெல்லிய வளையங்களில் கீறல் விழும். நான் நுனியில் நீள போல்ட் ஒன்றை முறுக்கிப் பிடித்து இழுத்தேன். நீங்கள் என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"விடு பிள்ளை. கிழவரைக் கட்டிலால எடுக்கிற மாதிரி எடுக்கவேணும். பாரம் முழுக்க உன்ர கையில. அவருக்குத் தெரியப்படாது."

கால் மணி நேரம் எடுத்தீர்கள். ஒரு கீறல் இல்லை.

புதுத் தண்டு வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில், டிலானி உங்கள் கட்டிலடியில். நான் தனியாகப் பூட்டினேன். ஒவ்வொரு நாளும் கேட்டீர்கள், "பூட்டிட்டியா?" பிறகு, "ஸ்டார்ட் பண்ணேக்கை எனக்குப் போன் எடு. எனக்குக் கேக்கவேணும்."

நான் எடுக்கவில்லை. முதலில் சரிவருகிறதா பார்ப்போம் என்று நினைத்தேன்.

புதுக் கேம்ஷாஃப்டை முதல் தடவை ஓட்டும்போது இருபது நிமிடம் நிறுத்தக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே போகக் கூடாது. மேடும் அதன்மேல் உரசும் இரும்பும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். பின்னேரம் மூன்றரைக்குச் சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. பொனட்டுக்குள் குனிந்து ஒரு கையால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கராஜ் சுவர் அதிர்ந்தது. பெப்பே காதைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

பதினோராவது நிமிடம் மட்கார்டில் வைத்திருந்த கைபேசி வெளிச்சமானது. டிலானி. பெப்பே விரலால் காட்டினார். "தெலெஃபொனோ." தலையாட்டினேன். அணைந்தது. மறுபடி. மறுபடி.

இருபதாவது நிமிடம் நிறுத்தினேன். அந்த அமைதியில் நான் திருப்பி எடுத்தபோது டிலானி அழுதுகொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த அன்று குசினியில் அவள் கேட்டாள்.

"மூண்டு தரம் எடுத்தனான், அக்கா. அம்மா போனையே பாத்துக்கொண்டு கிடந்தவா. நீ எடுத்திருந்தா கார்ச் சத்தத்தையாவது கேட்டிருப்பா."

"எனக்குக் கேக்கேல்லையடி."

"அந்த இரைச்சலுக்கை என்னெண்டு கேக்கும். நீ என்ன செய்வாய்" என்று தன் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள். அன்றிலிருந்து என்னோடு அன்பாக இருக்கிறாள். ராவில் போர்த்திவிடுகிறாள். சாப்பிட்டியா என்கிறாள். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா, நான் பார்த்தேன். மூன்று தரமும் பார்த்தேன்.

எஞ்சினை நிறுத்த முடியாததால் எடுக்கவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். அவசரமென்றால் நிறுத்தலாம், மீதி நிமிடங்களைப் பிறகு ஓட்டலாம் என்று கையேட்டில் அதே பக்கத்தில் இருக்கிறது. உங்களுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். நிறுத்தவும் தேவையில்லை. என் ஒரு கை சும்மாதான் இருந்தது.

நீங்கள் கடுமையாகக் கிடந்த அந்த நேரத்தில் டிலானி எடுத்தால் என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். எஞ்சின் ஓடும்வரை அது செய்தி இல்லை. அப்படி நினைத்தேனா? நினைக்கவும் இல்லை. எஞ்சினோடு கொளுவியிருந்த, சுற்று காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம். இரண்டாயிரத்து இருநூறு. இரண்டாயிரம். ஒன்பது நிமிடம்.

மூன்றாவது தரம் அவள் எடுத்தபோது நீங்கள் இருந்தீர்களா? டிலானியிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கிற தகுதியும் இல்லை.

பக்கத்து அறையிலிருந்து அவள் குரல். "அக்கா, முடிஞ்சுதா? அச்சுக்குக் குடுக்கவேணும்."

முடிந்துவிட்டது. இதை முதலில் வாசிக்கப் போகிறவள் அவள். பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் மற்றவர்கள் என்ன கதைத்தாலும் கதைக்கட்டும். அவள் இந்தப் பக்கத்தை மலரிலிருந்து எடுத்துவிடலாம். அது அவள் இஷ்டம். என்னை மன்னித்ததையும் திருப்பி எடுக்கலாம். பொய்யை நம்பித்தானே மன்னித்தாள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அம்மா. அவள் வாசிக்கும்போது நான் கராஜுக்குப் போகமாட்டேன். குசினி மேசையில் அவளுக்கு முன்னால் இருப்பேன். அவள் என்ன சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், கேட்டு முடியும்வரை எழும்பமாட்டேன்.

உங்கள் மூத்த மகள்,
டிலானியின் அக்கா.