சிசு வகுப்புக்கு ஒரு தண்டோரா

1944 நவம்பர் 6, திங்கள்

இன்றும் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வேர்க்கடலைக் காடெல்லாம் மல்லாட்டை பிடுங்கும் காலம். ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு பிடுங்கிக் குவிக்குமோ தெரியவில்லை, ஆனால் காட்டில்தான் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் கோதண்டராமன் கூப்பிட்டனுப்பினார். மாதக் கடைசிக்குள் பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் சிசு வகுப்பை மூடிவிடுவார்களாம். வகுப்பை மூடினால் என் வேலையும் போச்சு. அப்புறம் அனந்தபுரத்தில் அண்ணன் வீடுதான். அண்ணி எனக்கென்று ஒரு முறம் இப்போதே ஒதுக்கி வைத்திருப்பாள்.

“பிள்ளைங்க என்ன படிக்கிறாங்கன்னு வாரா வாரம் வீட்டுக்குத் தெரியப்படுத்துங்க. தெரிஞ்சாத்தானே அனுப்புவாங்க” என்றார். எழுதி அனுப்பலாமா என்று கேட்டேன். காகிதம் கிடைக்கவில்லை என்றார். கிடைத்தாலும் யார் படிப்பது என்று அவரே கேட்டார். பிறகு மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். பேச்சு அதோடு முடிந்தது.

நவம்பர் 8, புதன்

பிள்ளைகளிடமே சொல்லி அனுப்பிப் பார்த்தேன். “இன்னிக்கு ‘ஆ’ எழுதினோம்னு வீட்ல சொல்லுங்க.” ஒருவரும் சொல்லவில்லை. ஜோசப்ராஜ் மட்டும் சொன்னான் — டீச்சர் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டார் என்று. நான் விழவே இல்லை! ‘ஆ’வைவிட அதுதான் நல்ல சேதியாக அவனுக்குப் பட்டிருக்கிறது. சாயந்திரம் அவன் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் இடுப்பை விசாரித்தாள்.

நவம்பர் 10, வெள்ளி

சந்தை நாள். சுற்றுவட்டாரமே ஒரே இடத்தில் கூடுகிறது. தண்டோரா போடும் பொன்னுசாமியைப் பிடித்தேன். ரேஷன், வரி, அம்மை ஊசி, எல்லாவற்றுக்கும் அவர் குரல்தான். “நான் சொன்னா சர்க்காரே சொன்ன மாதிரிம்மா” என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

வெங்காயக் கடை ஓரம் நின்று கேட்டேன். “இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது இன்னான்னா, சிசு வகுப்புப் பிள்ளைங்க அ, ஆ எழுதக் கத்துக்கிச்சுங்க! தவறினா அபராதம்!”

எது தவறினால் என்று ஓடிப்போய்க் கேட்டேன். “அது இல்லாம முடிக்க வராதும்மா. வாய் நிக்காது.”

நவம்பர் 13, திங்கள்

அபராதத்துக்குப் பயந்து மூன்று பிள்ளைகள் திரும்பி வந்தன. சரி, பயந்து வந்தாலும் பிள்ளை பிள்ளைதானே. அம்மாக்கண்ணுவின் மகள் மீனம்பாளை மட்டும் காணோம். நல்ல கெட்டிக்காரி. நேரில் போய்க் கேட்டால், “படிச்சி இன்னா பண்ணப்போறா? மல்லாட்டைய யாரு ஆயறது?” என்கிறாள் அம்மாக்கண்ணு. அவளிடம் என்ன பேசுவது?

நவம்பர் 17, வெள்ளி

சுண்ணாம்புக்கட்டி தீர்ந்துவிட்டது. யுத்தம் முடிந்தால்தான் வருமாம். அதனால் புளியங்கொட்டையை அடுக்கி எழுத்துப் போடச் சொல்லித்தரப் போகிறேன். பிள்ளைகள் திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவர வேண்டும் என்று பொன்னுசாமியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். எனக்குத் தலைவலி. சந்தைக்குப் போகவில்லை.

நவம்பர் 18, சனி

போயிருக்க வேண்டும்! போயிருக்க வேண்டும்!

பொன்னுசாமி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கொட்டையை மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை, திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அபராதம். போன வருஷம் இப்படித்தான் சர்க்காருக்கு நெல்லை அளக்கச் சொல்லித் தண்டோரா வந்தது. ஊர் வேறு என்ன நினைக்கும்?

மளிகைக்கடை சந்திரப்பிரபு நயினார் சாயந்திரம் வந்தார். மகள் அனந்தமதி என் வகுப்பில்தான் படிக்கிறாள். “டீச்சரம்மா, நெசத்தைச் சொல்லுங்க. கொட்டை மட்டுந்தானா, புளியும் எடுப்பாங்களா?” பட்டாளத்துத் துணிக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டையாம். கடையிலிருந்த புளி மூட்டையெல்லாம் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இது உங்கள் மகள் எழுதத்தான் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன்.

“வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்களுக்கும் உத்தரவு இருக்கும். நான் தப்பா நெனைக்கல” என்றார். இந்தப் பேச்சில் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டினால் சாப்பிடாத ஜைனர்கள் அவர்கள். மனிதர் என்னால் பட்டினி.

நவம்பர் 19, ஞாயிறு

மாதா கோயில் பூசையில் மனம் நிற்கவில்லை. பக்கத்தில் முழங்காலில் இருந்த ராயம்மாள், “கொட்டைய அளந்துட்டீங்களா?” என்றாள்.

நவம்பர் 20, திங்கள்

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரே கூட்டம். சுருக்குப் பையில், முந்தானையில், சொம்பில் கொட்டை. எங்கள் அனந்தபுரத்திலிருந்து ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எல்லோருக்கும் ரசீது வேண்டுமாம். ஹெட்மாஸ்டர் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்துதான் ஆத்திரம் வந்ததோ. “யாருக்குன்னு உள்ள வந்து பாருங்க! எல்லாரும் வாங்க!” என்று கத்திவிட்டேன்.

வந்தார்கள். கொட்டையைத் தரையில் கொட்டினேன். பிள்ளைகள் உட்கார்ந்து அடுக்கத் தொடங்கின. அனந்தமதி அளவாக ஒரு ‘அ’ போட்டாள். ஜோசப்ராஜின் ‘ஆ’ சுழித்துக்கொண்டே போய் வண்டிக்காரரின் காலை முட்டியது. அவர் காலை நகர்த்திக்கொண்டார். யாரும் ரசீது கேட்கவில்லை.

அபராதத்துக்குப் பயந்து அம்மாக்கண்ணுவும் வந்திருந்தாள், மகளோடு. மீனம்பாள் உட்கார்ந்து ‘அ’ போட்டாள். மறக்கவே இல்லை! “இது இன்னா எழுத்து?” என்றாள் அம்மாக்கண்ணு. ‘அ’ என்றேன். உங்கள் பெயர் இதில்தான் தொடங்குகிறது என்றேன். அவள் குந்தி உட்கார்ந்து, கலைந்துவிடாமல் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். “யார் உத்தரவுல கொள்முதல் நடக்குது?” கூட்டம் மொத்தமும் என்னைக் கை காட்டியது. மேலிடத்துக்கு எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். முறம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

நவம்பர் 24, வெள்ளி

இனிப் பள்ளிக்கூடச் சேதிக்குத் தண்டோரா கூடாது என்று உத்தரவு. மறுப்புச் சொல்லப் பொன்னுசாமியையே அனுப்பியிருக்கிறார் இன்ஸ்பெக்டர். “புளியங்கொட்டைக்குச் சர்க்கார் உத்தரவு இல்ல! அது சிசு வகுப்புப் பிள்ளைங்க எழுதறதுக்கு! இப்ப ஈ வரைக்கும் வந்துட்டாங்க! தவறினா அபராதம்!” ஈ வரை வந்ததை யாரிடம் கேட்டுக்கொண்டாரோ.

சந்தையிலிருந்து திரும்பும் வழியில் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். அம்மாக்கண்ணு முன்னால். “இந்த வாரம் இன்னா நடந்துச்சி?” என்றாள். நின்றபடியே சொன்னேன். இனி வாரா வாரம் வருவார்களாம். மீனம்பாள் வாரம் முழுதும் வந்தாள்.

நவம்பர் 27, திங்கள்

வகுப்பு நிறைந்திருந்தது. பார்த்துவிட்டு, மூடுகிற பேச்சு இனி இல்லை என்று ஹெட்மாஸ்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வந்தது. ஹெட்மாஸ்டர் பேசிய பேச்சை அப்படியே விழுங்கிவிட்டார். மேலிடத்துப் பதிலோடுதான் வந்திருக்கிறார், தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் சைக்கிளின் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்ணை இறக்கினார். பேத்தியாம். “சேத்துக்குங்க” என்றார். பெயரை எழுதிக்கொண்டேன். போனவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தண்டோராவ நிறுத்தினது ஆபீஸ் விஷயம். வெள்ளிக்கிழம அந்தப் பொம்பளைங்க எத்தன மணிக்கு வந்து நிக்கிறாங்க?”