ஜப்பானுக்குள் மட்டும் ஓட வேண்டிய வேன்

அனுப்புநர்:
சூ. யாகப்பன், வயது 46,
டிரைவர், கன்னியர் மடத்து மருந்தகம்,
சித்தேரி மலையடிவாரம், பாப்பிரெட்டிப்பட்டி வழி,
அரூர் வட்டம், தர்மபுரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தர்மபுரி.

பொருள்: மருந்தகத்து ஜப்பான் வேன் – தகட்டில் உள்ளதாக நான் சொன்னது பொய் – வண்டியை விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எனது முந்தைய மூன்று மனுக்கள். பதில் எதுவும் என் பார்வைக்கு வரவில்லை.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இந்த மனுவும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியது. ஆனால் எனக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று மூன்று வருடமாக ஊர் நம்புகிறது. நம்ப வைத்தவன் நான்தான்.

2. ஜப்பானில் உள்ள எங்கள் மடத்துச் சகோதரிகள், தாங்கள் ஐந்து வருடம் ஓட்டிய வேனை 1973-ல் கப்பலேற்றி எங்களுக்குத் தந்தார்கள். மலைமேல் நோய் கண்டவர்களைத் தூளி கட்டி அடிவாரம் வரை தூக்கி வருவார்கள். அங்கிருந்து தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இந்த வேன்தான். ஸ்டீயரிங் பக்கத்தில் ஜப்பான் எழுத்தில் ஒரு சிறு தகடு இருந்தது. வலியில் கத்துகிறவர்கள் சிரிக்கட்டும் என்று அதைப் பார்த்து நான் எதையாவது "படிப்பேன்". வாந்தி எடுப்பவர் டிரைவருக்கு டீ வாங்கித் தர வேண்டும் என்று எழுதியிருப்பதாகச் சொல்வேன். இரண்டு பேர் வாங்கியும் தந்தார்கள்.

3. கடந்த ஆகஸ்டு 9-ம் தேதி எப்.சி. என்ற தகுதிச் சான்றுக்காகத் தர்மபுரி போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அதிகாரியின் பெயரை எழுதினால் அவருக்குச் சங்கடம், எழுதவில்லை. அவர் கம்பெனிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். புத்தகத்தில் பின்னால் பார்க்கும் கண்ணாடி கதவில் இருக்கிறது, எங்கள் வண்டியில் மூக்கு நுனியில் இருக்கிறது. ரேடியேட்டர் அளவும் வேறு, ஸ்பிரிங்கும் வேறு. திருட்டுச் சாமான் மாட்டிய வண்டியோ என்று சந்தேகப்பட்டார். அங்கே நின்ற ஒரு லாரிக்காரர், "யாகப்பண்ணனுக்கு ஜப்பான் பாஷை அத்துப்படிங்க, அந்தத் தகட்டப் படிக்கச் சொல்லுங்க" என்று உபகாரம் செய்தார். நான் வாய்க்கொழுப்பில், "ஜப்பானுக்குள்ள மட்டுந்தான் ஓட்டோணும், அரூர் வெயிலுக்குக் கம்பெனி பொறுப்பில்லன்னு போட்டிருக்குதுங்க" என்றேன். லாரிக்காரர் சிரித்தார். அதிகாரி எழுதிக்கொண்டார். என் கையெழுத்தும் வாங்கினார். தகட்டைக் கழற்றிக் கோப்பில் சேர்த்தார். வேன் அன்று முதல் அலுவலக வளாகத்தில் நிற்கிறது.

4. எங்கள் மருந்தகத்து மதலேனம்மாள் சிஸ்டர் ஜப்பானுக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலை எனக்குப் படித்துச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் தங்கள் ஊருக்கு ஒரு மாதிரியும், வெளிநாட்டுக்கு விற்க ஒரு மாதிரியும் வண்டி செய்கிறார்களாம். உள்ளூர் வண்டிக்கு மூக்கில் கண்ணாடி, சின்ன ரேடியேட்டர், மெத்தென்ற ஸ்பிரிங், குளிருக்குச் சூடுபெட்டி. வெளிநாட்டு வண்டிக்குக் கதவில் கண்ணாடி, பெரிய ரேடியேட்டர், புழுதி தாங்கும் வடிகட்டி, தடித்த ஸ்பிரிங். எங்களுடையது உள்ளூர் வண்டி. அதிகாரியின் கையில் இருந்தது வெளிநாட்டு வண்டியின் புத்தகம். எதுவும் திருட்டில்லை. சித்திரை மாதத்தில் இன்ஜின் கொதித்தால் அந்தச் சூடுபெட்டியைத் திறந்துவிடுவேன். இன்ஜின் ஆறும், உள்ளே இருக்கிறவர்கள் வேகுவார்கள். அப்படியே மூன்று வருடம் ஓட்டினேன், ஒருவரையும் வழியில் இறக்கிவிட்டதில்லை. தகட்டில் இருப்பது டயருக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதாம்.

5. இதைச் சொல்ல அந்த அலுவலகத்துக்குப் போனபோது, "பாஷை தெரிந்தவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். தெரியாது என்றால் அதற்குச் சான்றிதழ் கொண்டு வாரும்" என்றார்கள். எங்கள் ஊர்க் கர்ணத்திடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதுன்னு நான் எப்படிய்யா எழுதறது? எம்பொண்ணு கண்ணாலத்துல அரை மணி நேரம் ஜப்பான்ல பேசினயே" என்றார். பேசியது உண்மைதான்.

6. ஐயா, மலைமேல் இருக்கும் குள்ளம்மாளுக்காகத்தான் இந்த நாலாவது மனு. போன வருடம் தூளியில் இறங்கும்போதே அவளுடைய தலைப்பிள்ளை வயிற்றில் இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு அவளை நான்தான் திருப்பி அழைத்து வந்தேன். நாற்பது மைலும் அவள் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். ஆறுதல் சொல்ல எனக்கு வேறு எதுவும் தெரியாததால் தகட்டைப் பார்த்து, "அடுத்த தடவ பிள்ளையோட ஏறோணும்னு எழுதியிருக்குது தாயி" என்றேன். அவள் திரும்பி அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது மறுபடியும் எட்டு மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஐப்பசி பிறந்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று சிஸ்டர் சொல்கிறார். அவள் பஸ்ஸில் வரமாட்டேன் என்கிறாள். அந்த வேன் வரட்டும் என்கிறாள்.

7. ஆகவே நான் சொன்னது பொய் என்று பதிந்துகொண்டு, பொய்க்கு உண்டான தண்டனையை எனக்குக் கொடுத்து, வண்டியை விட்டுவிட உத்தரவிட வேண்டுகிறேன். வண்டி ஆகாதென்றால் ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நடைக்கு, அரசாங்க ஜீப் ஒன்றையாவது அடிவாரத்துக்கு அனுப்ப வேண்டுகிறேன். அதுவும் நடக்காது என்று தோன்றுகிறது. தோன்றினாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இடம்: சித்தேரி மலையடிவாரம்
நாள்: 4-10-1976

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
சூ. யாகப்பன்

பின்குறிப்பு: இந்த மனுவைக் கொடுக்க வரும் வழியில் வேனைப் பார்க்க அலுவலக வளாகத்துக்குள் போனேன். நாலு டயரிலும் காற்று இல்லை. ஒருவேளை உத்தரவு வந்தால் உடனே எடுக்கலாம் என்று அனுமதி கேட்டுக் காற்று அடித்தேன். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும் தகடு மொழிபெயர்ப்புக்காகச் சென்னைக்குப் போயிருப்பதால் உத்தேசமாக அடித்தேன். பின்பக்க இடது டயர் வெடித்தது. முதல் பக்கத்தில் உள்ள கறை, அப்போது பக்கத்தில் நின்ற எழுத்தர் கையிலிருந்த டீ.