தோணியில் கிடக்கும் பை

ஆடி, செவ்வாய் இரவு.

நாட்குறிப்புக் கொப்பியே, நீ சுகமா? நான் சுகமில்லை.

பின்னேரம் என் தோணியில் நான் ஏற்றி வந்த ஆள், வாவி நடுவில் தன் பன்புல் பைக்குள் கையை விட்டான்.

"அண்ணன், உள்ளுக்க இருக்கிறத வெளிய எடுக்க வெக்காதீங்க. மோதிரத்தக் கழட்டித் தாங்க."

கழற்றிக் கொடுத்தேன்.

சண்டைக் காலத்தில் துவக்கு வைத்திருந்தவர்கள் அதைக் காட்டிக்கொண்டுதான் வந்தார்கள். இவன் கத்தியைக் காட்டியிருந்தால், தோணி தள்ளும் என் கம்பு அதைவிட நீளம் என்று கண்டிருப்பேன். காட்டவில்லை. அந்தப் பைக்குள் துவக்கையும் குண்டையும் என் நினைப்பில் நானே போட்டுக்கொண்டேன். அதற்காகத்தான் மறைத்தான் போல.

கரை தட்டியதும் குதித்து ஓடினான். அவசரத்தில் பையை விட்டுவிட்டான். அது தோணியிலேயே கிடக்கிறது.

"திறந்து பாருங்களன். வெறும் பையெண்டா சிரிச்சிட்டுப் படுப்பம்" என்றாள் மனைவி.

"வெறும் பை இல்லாட்டி?"

அவள் எழும்பிப் போய்க் கதவைத் தாழிட்டாள்.

வெறும் பையென்றால் அவன் திரும்பி வரமாட்டான். உள்ளே ஏதும் இருந்தால் அதை எடுக்க வருவான். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் இந்த இருட்டில்...

மனைவி கூப்பிடுகிறாள். "இஞ்சேருங்க, எழுதினது போதும். தோணியடியில நாய் குரைக்குது."

எங்கள் நாய் தெரிந்த ஆளுக்குக் குரைக்காது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன்.