தங்கராஜைத் தக்காளியோடு சேர்த்த கணக்கு

3 ஜூன் 2025, செவ்வாய்

இன்று தங்கராஜைத் தக்காளி என்று எழுதி விற்றுவிட்டேன்.

பாலக்கோட்டு லாரி காலையில் லோடோடு நம் எடை மேடையில் ஏறியது. டிரைவர் தங்கராஜும் கிளீனரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எடை போட்டேன். சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்தபோது இரண்டு பேரும் டீ குடிக்க இறங்கிவிட்டார்கள். அப்போதும் எடை போட்டேன். பெரியதில் சின்னதைக் கழித்து, மீதியெல்லாம் தக்காளி என்று சீட்டும் கொடுத்தாயிற்று. மத்தியானம் மண்டி பச்சியப்பன் சீட்டோடு வந்தார். அவர் போட்ட சத்தம் அதியமான்கோட்டை பூராவும் கேட்டிருக்கும்.

"ஏன் மாதண்ணா, நான் தக்காளி வாங்கினனா, தங்கராஜை வாங்கினனா? இவனை எந்தக் கூடையில வெச்சு விக்கறது?"

தங்கராஜ் லேசான ஆளும் இல்லை. அவனே கேட்கிறான், "நான் நாட்டுத் தக்காளிங்களாண்ணா, ஹைபிரிட்டா?"

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

வீட்டில் சொன்னபோது நிர்மலா சிரிக்கவில்லை. மகள் எழிலரசி மட்டும் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா, மறுபடி சொல்லுங்க. மொத எடையில யாரு மேல இருந்தாங்க?" என்றாள். போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது.

5 ஜூன், வியாழன்

விஷயம் இதுதான். எழில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள். பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. எஃப் ஷார்ப் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியாம். அதில் நிஜமான வேலைக்கு உதவுகிற மாதிரி ஒன்றை எழுதி, ஓட்டிக் காட்டினால் வேலை.

நிர்மலாவின் கெடு வேறு. "ஆடி முடியட்டும். அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா ஆவணியில கிருஷ்ணகிரிக்காரங்க வந்து பாக்கட்டும். நான் சரின்னு சொல்லிட்டேன்."

எழில் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அப்புறம் சொன்னாள், நம் எடை மேடைக்குத்தான் எழுதப் போகிறாளாம். என் மானம் போன கதை அவளுக்கு ப்ராஜெக்ட் ஆகிவிட்டது. போகட்டும், எதற்காவது ஆயிற்றே.

11 ஜூன், புதன்

பத்தாவதோடு நின்ற எனக்கு மகள் பாடம் எடுக்கிறாள்.

பழைய சாஃப்ட்வேருக்கு எடை என்றால் வெறும் எண். எதிலிருந்து எதைக் கழித்தாலும் "சரிங்க முதலாளி" என்று கழித்துக் கொடுத்துவிடும். இந்த மொழியில் எண்ணுக்கு ஒரு இனம் சொல்லிவிடலாமாம். "ஆள் மேலே" எடை ஒரு இனம், "ஆள் கீழே" எடை இன்னொரு இனம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடும். கிலோவையும் டன்னையும் கூட்டச் சொன்னால் எழுதும்போதே சிவப்புக் கோடு போடுகிறது. அதைக் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. நான்கு வகை இருக்கும் இடத்தில் மூன்றுக்கு மட்டும் பதில் எழுதினால், "நாலாவது என்னாச்சு?" என்று கேட்கிறது. கடையிலிருந்து நான் வந்ததும் நிர்மலா பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்பாளே, அதே கேள்வி. இதை எழிலிடம் சொன்னேன். சமையலறையில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழுந்தது.

20 ஜூன், வெள்ளி

எழில் எழுதினதை ஓட்டிப் பார்க்கும்போது சீட்டில் பார்ட்டி பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன். அழிக்கப் பார்த்தேன். அழியவில்லை.

"அது அழியாதுப்பா. இந்த மொழியில ஒண்ணு வெச்சா வெச்சதுதான், தானா மாறாது. மாத்திக்கலாம்னு தனியா சொல்லி வெச்சா மட்டுந்தான் மாத்த முடியும். எடைச் சீட்டுக்கு நான் அப்டி சொல்லல. தப்புன்னா புதுசா ஒண்ணு போடுங்க. பழசும் அங்கேயே இருக்கும்."

"வேற வழியே இல்லியா கண்ணு?"

"வேற மாதிரி எழுதவும் இந்த மொழி வுடும்ப்பா. ஆனா நான் வுட மாட்டேன்."

அம்மாவைப் போலவே பேசுகிறாள்.

2 ஜூலை, புதன்

வெறும் மேடையில் எடை காட்டுகிறது என்று மகளைத் திட்டினேன். போய்ப் பார்த்தால் நாய் படுத்திருக்கிறது.

14 ஜூலை, திங்கள்

இன்று ஓட்டிக் காட்டும் நாள்.

எடை ரூமில் எழில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். மேடை தெரியும்படி செல்போனைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பேசாமல் இருப்பதும் என் வேலை. அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு மேடம், பெங்களூர்க்காரர். மரியாதைக்கு, சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? "ஊட்டா ஆயித்தா மேடம்?" என்றேன். எழில் கண்ணை மூடிக்கொண்டாள். மேடம் "ஆயித்து" என்று சிரித்துவிட்டு, தமிழிலேயே பேசினார்.

லோடு லாரி வந்தது. தங்கராஜையும் கிளீனரையும் கீழே இறக்கி, "ஆள் கீழே" அமுக்கி எடை போட்டோம். அருமை. சரக்கு இறக்கின இடத்தில்தான் சனி. தங்கராஜ் காலில் தக்காளிப் பெட்டி விழுந்து, வீங்கிய காலோடு காலி வண்டியில் வந்தான். "இறங்க முடியாதுங்கண்ணா, உயிர் போவுது." சரி, பாவம் என்று "ஆள் மேலே" அமுக்கினேன்.

சீட்டு வரவில்லை. 'இந்த இரண்டு எடையையும் கழிக்க முடியாது' என்று திரையில் சிவப்பு எழுத்து.

எனக்கு ஆவணி கண்ணில் தெரிந்தது. கிருஷ்ணகிரிக்காரர்கள் காரிலிருந்து இறங்குவது கூடத் தெரிந்தது. "மேடம், நேத்துலாம் நல்லாத்தாங்க ஓடுச்சு! நாந்தான் தப்பா அமுக்கிட்டேன், பொண்ணு மேல தப்பில்லைங்க!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். போன் என் மூக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கும்.

எழில் மெதுவாக, "அப்பா, அது சரியாத்தான் சொல்லுது" என்றாள்.

மேடம் கேட்டார், "நீங்க 'ஆள் கீழே'ன்னு அமுக்கியிருந்தா சீட்டு வந்திருக்குமே சார்?"

"வந்திருக்கும் மேடம். போன தடவை வாங்கினவர் சண்டைக்கு வந்தாரு. இந்தத் தடவை தக்காளி கொறையுதுன்னு வித்தவர் வந்திருப்பாரு."

மேடம் சிரித்தார். நல்ல சிரிப்பா, வேலை இல்லை என்கிற சிரிப்பா? தெரியவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தங்கராஜை இறக்கி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வண்டியை மறுபடி எடை போட்டோம். சீட்டு வந்தது. "மாப்பிள்ளை மாதிரி இறக்கறீங்களேண்ணா" என்றான், வலியிலும்.

15 ஜூலை, செவ்வாய்

போன் வரவில்லை. ஏன் வாயைத் திறந்தேன்?

22 ஜூலை, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது!

கழிக்க முடியாது என்று நின்றதே, அதைப் பார்க்கத்தான் அவர்கள் காத்திருந்தார்களாம். நானாக அமுக்கினது, திட்டம் போட்டுச் செய்திருந்தாலும் அவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது. இதை டீக்கடையில் சொல்லும்போது திட்டம் போட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். பச்சியப்பன் நம்பவில்லை.

நிர்மலா கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டாள். "பொண்ணு பெங்களூர் போறா. இப்ப வேணாங்க." அவ்வளவுதான். வைத்துவிட்டு ஊரில் எல்லோருக்கும் கேசரி கிண்டினாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி ஒன்று. எழில் கிளம்பினாள்.

மச்சினன் அருண்குமாரின் குட்டியானை வண்டியில் கட்டில், மெத்தை, மிக்சி, அரிசி மூட்டை, நிர்மலா கட்டிக் கொடுத்த ஊறுகாய்கள். வண்டி கிளம்பும்போது மேடையில் ஏற்றச் சொன்னேன்.

"எதுக்கு மாமா? அரிசி எடை கொறையுதான்னு பாக்கறீங்களா?" என்றான்.

"அதிக லோடு ஏத்திட்டு வழியில மாட்டிக்கிட்டா? ஏத்துய்யா."

எழில் முன் சீட்டிலிருந்து, "நான் இறங்கணுமாப்பா?" என்றாள்.

"வேணாம் கண்ணு. உக்காரு."

"ஆள் மேலே" அமுக்கினேன். வண்டி போய்விட்டது. நிர்மலா உள்ளே போய், காலையில் தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

குட்டியானை காலியாகத் திரும்பியது. அருண்குமார் மேடையிலேயே நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினான். கை தானாகப் போய் "ஆள் கீழே" அமுக்கியது.

'இந்த இரண்டு எடையையும் கழிக்க முடியாது.'

அருண்குமாரைக் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொன்னால் கழித்துக் கொடுத்துவிடும். கட்டில், அரிசி, எழில் எல்லாம் சேர்த்துச் சரக்கு என்று சீட்டும் வரும். கூப்பிடவில்லை. அமுக்கினதை அழிக்கப் பார்த்தேன். அழியாதே, மறந்துவிட்டேன்.

சாயங்காலம் எழில் போன் செய்தாள். இங்கே போடுகிற எடையெல்லாம் அங்கிருந்தே லேப்டாப்பில் தெரிகிறதாம்.

"மாமா வண்டியை எதுக்குப்பா எடை போட்டீங்க?"

"மிஷினு சரியா வேலை செய்யுதான்னு பாத்தேன்."

"சரியாத்தாம்ப்பா இருக்கு. ஆளு இறங்கிட்டா அது கழிக்காது."

"தெரியும் கண்ணு. சாப்ட்டியா?"

எனக்கும் கழிக்க வரவில்லை என்று சொல்லவில்லை.