ஒரே ஒரு வாய்தா

மாமா,

நம்ம விவாகரத்து கேஸுல நாலு வருஷமா நீங்க வாய்தா வாங்குனப்பல்லாம் கோர்ட்டு வாசல்லயே உங்களத் திட்டியிருக்கேன். நீங்க எனக்கொரு டீ வாங்கிக் குடுத்துட்டு கடலூர் பஸ் ஏறிடுவீங்க.

இப்ப வந்திருக்கிற ஜட்ஜம்மா பழைய கேஸையெல்லாம் மளமளன்னு முடிக்கிறாங்க. திங்கக்கிழமை நம்மளதும் முடிஞ்சிடுமாம். "சந்தோஷம்தானேம்மா?"ன்னு வக்கீல் கேட்டாரு. எனக்குக் காய்ச்சல், வர முடியாது, வாய்தா கேளுங்கன்னு சொல்லிட்டேன்.

போன தடவ உங்க சட்ட தொளதொளன்னு தொங்குச்சு. கம்பெனியில நேரத்துக்குச் சாப்பிடுங்க.

திங்கக்கிழமை சிதம்பரம் கோர்ட்டுல எறங்காதீங்க. நேரா கீரப்பாளையம் எங்க வீட்டுக்கு வந்துடுங்க. காய்ச்சல் நெசந்தானான்னு நெத்தியத் தொட்டுப் பாருங்க.

இந்த தடவ டீ நான் போடுறேன்.

இப்படிக்கு,
உங்க மேல கேஸ் போட்டவ