மணிக்கயிறு

உபதேசியாரே,

இன்று காலை பத்து மணிக்குத் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போகவில்லை. தறிக்காரர்கள் தாங்களாகவே நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். போன தடவை இடம் யாருடையது என்று சண்டை வந்த அதே முக்கில் மறுபடியும் ஒரு கொடிக்கம்பம் முளைத்திருக்கிறது. நான் நேரே உங்கள் மாதா கோயிலுக்குப் போய், ஸ்டூலில் ஏறி, நீங்கள் மேலே சுருட்டிக் கட்டியிருந்த மணிக்கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு வருஷமாகியும் அதில் புகை நாற்றம் போகவில்லை.

மாதா சொரூபம் இருக்கிற கோயிலில் கால் வைக்க மாட்டேன் என்று வீம்பு பேசிய பெந்தேகோஸ்தேக்காரி நான். எங்கள் ஸ்பீக்கரால் பூசை கெடுகிறது என்று நீங்கள் சண்டைக்கு வந்ததும், "காதுல பஞ்சு வெச்சுக்கோங்க" என்று நான் சொன்னதும் தெருவுக்கே தெரியும்.

அந்த முக்குச் சண்டை முற்றிய அன்று பட்டப்பகலில் கும்பல் வருவதைக் கோபுரத்திலிருந்து முதலில் பார்த்தவர் நீங்கள். விடாமல் மணியடித்தீர்கள். காலனி சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடியது. ஒரு வரிசை வீடு முழுக்க எரிந்தது, ஓர் உயிரும் போகவில்லை.

மூன்றாம் நாள் உங்கள் கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டினோம். அண்டா உங்களுடையது, அரிசி கடைவீதிச் சபையுடையது, சமையல் எங்கள் சபைப் பெண்களுடையது. யார் செபம் செய்வது என்று அங்கேயும் இழுபறி. "சோறு ஆறிப்போகுமுங்க. ஆளுக்கு ஒரு வரி சொல்லிட்டுக் கரண்டியப் புடிங்க" என்றீர்கள்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். திருவிழா விருந்துக்கு மணியடித்துக் கூப்பிடுவது கோயில்காரர்கள் எல்லோருக்கும் பழக்கம். நீங்கள் வாழையிலை அறுக்கப் போயிருந்தீர்கள். நான் ஆசையாகப் போய்க் கயிற்றை மூன்று முறை இழுத்துவிட்டு, சாப்பிட வருவார்கள் என்று வாசலைப் பார்த்தேன். தெருவே ஏரிக்கரையைப் பார்த்து ஓடியது. தறியில் வேலை செய்யும் செல்வி நிறைமாதக்காரி. சாக்கடைக் கல்லில் இடறிக் குப்புற விழுந்தாள்.

நீங்கள் இலைக்கட்டைப் போட்டுவிட்டுக் கரண்டியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினீர்கள். "சோறுங்க! ஒண்ணுமில்ல சாமி, சோறுதானுங்க!" யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்வியின் குழந்தை தங்கவில்லை.

நான் கோயில் படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க அடிச்சா என்ன, நானடிச்சா என்னங்க அம்மிணி. அந்த மணி இனிச் சோத்துக்கு ஆகாது" என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டி மேலே கட்டினீர்கள். "புள்ளைங்க மணிச் சத்தத்துக்கு ஓடாம நிக்கற அன்னைக்கு அவுத்து உடறேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் மணி இல்லை. வீடுவீடாகக் கதவைத் தட்டித்தான் சாப்பாடு கொடுத்தோம். "மொதல்ல உங்க பேரைச் சொல்லுங்க, அப்பறம் தட்டுங்க" என்று எங்களுக்குச் சட்டமே போட்டீர்கள். மூன்று சபையும் இன்றுவரை அப்படித்தான் போகிறோம்.

போன மாதம் உங்கள் அடக்கத்தன்று பாதர் துக்கமணி அடிக்கச் சொன்னார். உங்கள் பெட்டியைச் சுற்றிக் காலனிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். நான் கோபுர வாசலை மறித்து, வேண்டாம் என்றேன். மணியில்லாமலே உங்களைத் தூக்கிப்போனோம்.

நீங்கள் ஒரு நல்ல நாளுக்காகக் கட்டிவைத்தீர்கள். ஆனால் இத்தனை நாள் எதற்கும் அடிக்காததால், இந்த மணி அடித்தால் காலனிக்கு இப்போது ஒரே அர்த்தம்தான். கொஞ்ச நேரம் முன்பு செல்வி வந்தாள். இடுப்பில் அடுத்த பிள்ளை, இப்போதுதான் உட்காரப் பழகியிருக்கிறது.

"இந்தத் தடவ மணி யாருங்க்கா அடிப்பாங்க?"

"நான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "அப்ப நான் செருப்பில்லாம இருக்கறனுங்க்கா. ஓடறதுக்குத் தோதா இருக்கும்."

முக்கில் பைக்குகள் வந்து நிற்கின்றன. இதுவரை ஏழு எண்ணிவிட்டேன். உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, கயிற்றை மடியில் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.